மேலோகம் வளர்த்த வில்லன்

வில்லன்களைப் படைத்தவர்கள் உலகத்தில் ஏராளம். ஆனால் தன் வில்லனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக் கம்பெனி பஸ்ஸில் கண் கலங்கிய மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். "மாத்திர குடுத்தியா?" என்று பஸ்ஸில் பாதிப் பேர் அக்கறையாக விசாரித்ததும் அந்த ஒரு பஸ்ஸில்தான் நடந்திருக்கும்.

அவருக்கு வீட்டில் என்ன பெயர் வைத்தார்களோ, எனக்குத் தெரியாது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த இரும்பு வார்ப்பு ஆலையில் எல்லோருக்கும் அவர் 'மேலோகம்'. ஆலையின் கூரையை ஒட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுகிற பெரிய கிரேன் ஒன்று உண்டு. உருகிய இரும்பைத் தூக்கிக்கொண்டு போகிற கிரேன். அதன் அடியில் தொங்குகிற கண்ணாடிக் கூண்டுதான் அவர் இருப்பிடம். காலையில் ஏணி ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். புதிதாக வந்த செக்யூரிட்டி ஒருவர், போனில் கூப்பிட்ட அவர் மனைவியிடம் "மேலோகம் போயிட்டாரும்மா, மத்தியானம் வந்துடுவாரு" என்று சொல்லிவிட்டார். முதல் பாதிக்கு அழ ஆரம்பித்த அந்த அம்மா, இரண்டாம் பாதியைக் கேட்டதும் அழுகையை நிறுத்தி, "டிபன் பாக்ஸ ஊட்லயே வெச்சிட்டு போயிட்டாரு, சொல்லிடுங்க" என்றாராம்.

நான் லேபில் இருந்தேன். வார்த்த இரும்பைச் சோதித்து, சரியாக இருந்தால் 'ஓகே' போடுவது என் வேலை. 'ஓகே' போடாமல் இருப்பதில்தான் எனக்குப் பெயர் அதிகம். திருவள்ளூரில் கிளம்பி, பெரியபாளையம், கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி போகிற கம்பெனி பஸ்ஸில் நான் வருவேன். காக்களூர் நிறுத்தத்தில் அவர் ஏறுவார். ஏறியதும் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் கம்பியில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, யாரும் கேட்காமலேயே தன் நாவலைச் சொல்ல ஆரம்பிப்பார். முந்தைய நாள் டீ இடைவேளையில் கூண்டில் உட்கார்ந்தபடி போனில் பேசிப் பதிவு செய்த அத்தியாயம், மறுநாள் காலை எங்களுக்கு நாஷ்டா மாதிரி சுடச்சுடக் கிடைக்கும்.

கதை இதுதான். ஏழு எரிமலைகளுக்கு நடுவே செங்கனல்புரி என்று ஒரு நகரம். கோட்டைக் கதவைத் திறந்து மூடுகிற காவலாளிக்குப் பிறந்தவன் பொன்னன். எறும்பைப் பார்த்தால் சுற்றிக்கொண்டு போகிற பிள்ளை. இந்தப் பொன்னன்தான் காரிருளன் என்று பெயர் மாறி, கடைசியில் நகரத்துக்கே தீ வைக்கப் போகிறான். இதை முதல் நாளே சொல்லிவிட்டார்.

"முடிவையே சொல்லிட்டீங்க, அப்புறம் எதுக்குண்ணா கத கேக்கணும்?" என்றேன்.

"முடிவுல இன்னா கீது தங்கச்சி? பொறக்கும்போதே எவனும் கையில தீப்பெட்டியோட பொறக்கறது இல்ல. அத அவன் கையில யாரு யாரு குடுத்தாங்கன்னு சொல்லணும்ல, அதான் கத."

மந்திரம், மாயம், பறக்கும் நாகம் எல்லாம் நாவலில் உண்டு. ஆனால் எதைத் தொட்டாலும் ஆலை வாடை அடிக்கும். நெருப்புக் கக்கும் நாகம் வருஷத்துக்கு ஒரு முறை பராமரிப்புக்குப் படுத்துவிடும். அப்போது அதன் வால் மூட்டுகளுக்கு கிரீஸ் வைப்பார்கள். சூனியக்காரி ஷிஃப்ட் முடிந்து போகும்போது மந்திரக்கோலை அடுத்த சூனியக்காரியிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆந்திர எல்லையில் இருக்கும் ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் அரக்கர் நாடு. அங்கே அரக்கர்கள் தெலுங்கில் கர்ஜிப்பார்கள். இதைக் கேட்டு, எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேலைக்கு வருகிற வெங்கடேசு முகம் சுருங்கிப்போனார்.

"இன்னாண்ணா இது, கெட்டவன்லாம் தெலுங்கு பேசறான்? எங்க நைனா கேட்டா பேஜாரா பூடும்" என்றார்.

மேலோகம் நியாயஸ்தர். மறுநாளே அரக்கர்கள் தமிழுக்கு மாறிவிட்டார்கள். அதுவும் சுத்தமான காக்களூர் தமிழ். தேவதைகள் மட்டும் "ஏமண்டி" என்று கொஞ்சினார்கள். வெங்கடேசு சமாதானமாகி, அன்றைக்கு அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

நாவலுக்கு ஒரே ஒரு சிக்கல் இருந்தது. நல்ல பிள்ளை கெட்டவனாக வேண்டுமென்றால் அவனுக்கு அவமானங்கள் நடக்க வேண்டும். அத்தியாயத்துக்கு ஒன்றாவது வேண்டும். அதற்கு எங்கே போவது?

"உங்களுக்கு நடந்தத எழுத வேண்டியதுதான" என்றேன்.

"என்னுது பத்தாது தங்கச்சி. ஒருத்தன் பட்ட அவமானத்த வெச்சி ஒரு ஊரயே கொளுத்த முடியுமா? நாலு பேருது சேரணும்" என்றார்.

சேர்க்கக் கிளம்பிவிட்டார். கேன்டீன் வரிசையில் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரிடம், ஊறுகாய் கேட்கிற தொனியில், "உன்ன யாராச்சும் கேவலப்படுத்திக்கீறாங்களா?" என்று கேட்பார். முதலில் எல்லோரும் ஒதுங்கிப் போனார்கள். கேட்கப்பட்டதே கேவலம் என்று சிலர் முறைத்தார்கள். பிறகு மெல்ல மெல்ல, தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் மேஜையைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

ஆலையைப் பெருக்கித் துடைக்கும் மேரி அக்கா ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருபவர். வருஷா வருஷம் பாதுகாப்பு தின விழாவில் குரூப் போட்டோ எடுப்பார்கள். நாற்காலிகளைச் சுமந்துவந்து வரிசையாகப் போடுவது மேரி அக்காதான். போட்டு நிமிர்ந்ததும் போட்டோக்காரர் "அக்கா, கொஞ்சம் ஓரமா" என்பார். நாவலில் அது ராஜாவின் முடிசூட்டு விழா ஓவியமாயிற்று. ஓவியன் அத்தனை பேரையும் வரைந்துவிட்டு, பொன்னன் நின்ற இடத்தில் ஒரு தூணை வரைந்தான். பஸ்ஸில் இதைச் சொன்னபோது இரண்டு பேர் போனில் அந்த குரூப் போட்டோவைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள். மேரி அக்கா கேன்டீனில் கேட்டார். கேட்டுவிட்டு, "தூணுதான? நல்லா பெருசாவே போடு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

ஃபிட்டர் தணிகாசலம் பள்ளிப்பட்டுக்காரர். தலை ஆடி விருந்துக்குப் போன இடத்தில், மாமனார் வீட்டார் அவரைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்து இலை நிறைய வெறும் எலும்பாகப் போட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை முறுக்கை இன்றுவரை அவர் தளர்த்தவில்லை. பொன்னனுக்கு அரண்மனை விருந்தில், நாகம் தின்றுவிட்டு வைத்த மிச்சம் பரிமாறப்பட்டது. தணிகாசலம் அந்த அத்தியாயத்தை மனைவிக்கும் போட்டுக் காட்டி, வீட்டில் தனியாக ஒரு யுத்தம் நடத்தினார்.

இதனால் ஆலைக்கு ஒரு நன்மை விளைந்தது. சண்டைகள் குறைந்தன. திட்டு வாங்கியவர் திருப்பித் திட்டுவதில்லை. "இரு இரு, மேலோகத்தாண்ட சொல்லிக்கிறேன்" என்பார். திட்டியவர் வெலவெலத்து, "நாவல்ல ஏத்திடாதப்பா, புள்ள குட்டிக்காரன்" என்று டீ வாங்கிக் கொடுப்பார். தன்னை யாரும் நாவலில் சேர்க்கவில்லையே என்ற ஏக்கத்தில் ஒரு சூப்பர்வைசர் காரணமே இல்லாமல் கத்திப் பார்த்தார். மேலோகம் அவரை ஒரு தவளையாகப் போட்டார்.

நாவலில் ஒரு மந்திரி வருவார். அவர் எங்கள் பர்சனல் மேனேஜர் என்பது ஆலையில் மேனேஜரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். நிரந்தர ஊழியர்களுக்கு நீல ஹெல்மெட், ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மஞ்சள் ஹெல்மெட். மஞ்சள் ஹெல்மெட்காரர்கள் கம்பெனி பஸ்ஸில் வரலாம், ஆனால் உட்காரக் கூடாது என்பது மேனேஜர் போட்ட சட்டம். மேலோகம் மஞ்சள் ஹெல்மெட். பக்கத்து இருக்கை காலியாகக் கிடந்தாலும், அந்தக் கம்பியில் சாய்ந்துதான் அவர் தினமும் கும்மிடிப்பூண்டி வரைக்கும் வந்தார். செங்கனல்புரியிலும் அப்படி ஒரு ரதம் ஓடியது. காவலாளி மகன் காலி ரதத்தில்கூட உட்காரக் கூடாது என்றார் மந்திரி. அந்த அத்தியாயத்தைச் சொன்ன நாளில் மேலோகம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உட்கார்ந்து கேட்ட எங்களுக்குத்தான் இருக்கை உறுத்தியது.

கதை முடிவை நெருங்க நெருங்க, பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. தணிகாசலம் தலைமையில் ஒரு கூட்டம் "கொளுத்தியே ஆகணும்" என்றது. நான் எதிர்க்கட்சி. பொன்னனுக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை கொடுத்தவர்கள் நாங்கள். அவனை எப்படிக் கொலைகாரனாக விடுவது? மேலோகம் இரண்டு பக்கத்துக்கும் பிடிகொடுக்கவில்லை. அவரே கொஞ்ச நாளாக முகவாட்டமாகத்தான் இருந்தார். "கை வரல தங்கச்சி" என்பார்.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது.

டீ இடைவேளை. கிரேனில் லோடு தொங்கும்போது மேலோகம் கொட்டாவிகூட விட மாட்டார். எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டுத்தான் கதையைத் தொடுவார். அன்றைக்கும் அப்படித்தான் போனை எடுத்து, காரிருளனின் கடைசி ஆணையைப் பேச ஆரம்பித்தார். உணர்ச்சிவசப்பட்டு முன்னால் சாய்ந்ததில், இடுப்பில் செருகியிருந்த வாக்கிடாக்கி அவர் வயிற்றுக்கும் கைப்பிடிக்கும் நடுவே சிக்கியது. பொத்தான் அழுந்திக்கொண்டது. ஆலையில் இருந்த அத்தனை வாக்கிடாக்கியிலும் ஒரே நேரத்தில் ஒரு கரகரத்த குரல் கேட்டது.

"எண்ணெய ஊத்துங்கடா. பந்தத்த எடுங்க. இன்னிக்கு பொழுது சாயறதுக்குள்ள இந்த ஊரு இருக்கக் கூடாது."

எங்கள் சேஃப்டி ஆபீசர் இளைஞர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நிஜ ஆபத்துக்காகக் காத்திருந்தவர். கையிலிருந்த வடையை அப்படியே போட்டுவிட்டு சைரனை அழுத்தினார். ஆபத்து நேரத்தில் எல்லோரும் ஓடிப்போய் நிற்பதற்கென்று கேட் பக்கம் ஒரு மைதானம் உண்டு. அத்தனை பேரும் அங்கே ஓடினோம். எங்களுக்கெல்லாம் கடைசியாக, காலைத் தாங்கித் தாங்கி மேனேஜரும் வந்து சேர்ந்தார். பக்கத்து ஆலையிலிருந்து தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. வெயிலில் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க, வாக்கிடாக்கியில் பயங்கரமாக ஒரு சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்பு அவருக்கே திருப்தியாக இல்லை போல. இருமினார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சிரித்தார்.

தணிகாசலம்தான் முதலில் கண்டுபிடித்தார். "யோவ், இது நம்ம காரிருளன்யா" என்றார்.

கதை வேகம் அடங்கிய பிறகே சைரன் காதில் விழ, கூண்டிலிருந்து குனிந்து பார்த்த மேலோகம், கீழே ஈ காக்கை இல்லாததைக் கண்டு பதறி இறங்கி, மைதானத்துக்கு ஓடிவந்தார். வந்ததும், "எங்க தீ? எல்லாரும் வெளிய வந்துட்டீங்களா?" என்று கேட்டார். சிரிக்காமல் இருந்தவர் மேனேஜர் ஒருவர்தான்.

அன்று சாயங்காலமே கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். நிரந்தர ஊழியராக இருந்தால் நோட்டீஸ், விசாரணை என்று இழுக்கும். மஞ்சள் ஹெல்மெட்டுக்கு அதெல்லாம் இல்லை, கேட் பாஸ் போனால் வேலை போனது. ஐம்பதைத் தாண்டியவர். அந்த வயதில் இன்னொரு ஆலையில் கிரேன் கிடைப்பது லேசில்லை. மறுநாள் காக்களூரில் பஸ் நின்றது, அவர் ஏறவில்லை. கும்மிடிப்பூண்டி வரைக்கும் அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டே வந்தோம்.

அவருக்காக முதலில் வாய் திறந்தவர், யாரும் எதிர்பாராத விதமாக, சேஃப்டி ஆபீசர். "சார், ஒத்திகையில ஒரு தடவகூட இவ்வளவு வேகமா எல்லாரும் வெளிய வந்ததில்ல. அவர ஒரு வார்த்த கேட்டுட்டு முடிவு பண்ணலாம்" என்று மேனேஜரிடம் நின்றார். மேனேஜர் மேலோகத்தை வரச் சொன்னார். அவ்வப்போது பத்திரிகையில் எழுதுகிறேன் என்ற பாவத்துக்கு என்னையும் கூப்பிட்டார்.

"நீங்கதான் எழுத்தாளர். இது கதையா, மிரட்டலா?"

"கதைதான் சார்."

"அதுல மந்திரின்னு ஒருத்தர் வர்றாராமே, யார் அது?"

நான் மேஜையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். அது அவருடைய தண்ணீர்.

மேனேஜர் கெட்டிக்காரர். கேட் பாஸை எடுத்து மேஜை மேல் வைத்தார். "சரிய்யா, கதைன்னே வச்சுக்குவோம். கடைசியில அவன் ஊரைக் கொளுத்துவானா மாட்டானா? மாட்டான்னா இதை எடுத்துட்டுப் போய் வேலையைப் பாரு. கொளுத்துவான்னா, இங்க இருக்கறவங்க மனசுல அந்த நெருப்பைப் போட்டுட்டு நீ மேல உக்காந்திருக்க முடியாது."

இவ்வளவு சுலபமான கேள்வியை எந்த வேலையிலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 'மாட்டான் சார்' என்று ஒரு வார்த்தை. நான் கண்ணால் ஜாடை காட்டினேன். காலால்கூட ஒரு இடி இடித்தேன். மேலோகம் கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, நிஜமாகவே யோசித்தார்.

"கொளுத்துவான் சார்" என்றார்.

எனக்கு அவரை அங்கேயே உலுக்க வேண்டும் போல இருந்தது. மேனேஜர் கேட் பாஸை எடுத்து டிராயரைத் திறந்தார்.

"ஆனா சார், அதுக்கு மின்ன ஹாரன் அடிப்பான்."

"என்னது?"

"ஹாரன் சார். கத காலத்துல ஏது ஹாரன், ஊது கொம்புன்னு வெச்சிக்கோங்க. நாங்க லோடு தூக்கனா மொதல்ல ஹாரன் அடிப்போம். கீழ கீறவங்க ஒதுங்கற வரைக்கும் நகத்த மாட்டோம். தலைக்கு மேல லோடு போவக் கூடாது, அதான் சட்டம். எத்தினியோ வருசமா அப்டியே பழகிப்போச்சி. நானும் கொஞ்ச நாளா ட்ரை பண்ணிக்கினுதான் கீறேன், உள்ள ஆளுங்கள வெச்சிக்கினு தீ வெக்க கை வரல. நேத்து நைட்டுதான் புரிஞ்சுது, அவனுக்கும் வராதுன்னு. அதனால எல்லாரையும் வெளிய கூட்டிக்கினு வந்து மைதானத்துல நிறுத்திடுவான்."

"தலை எண்ணுவானா?" என்று கூட நின்ற சேஃப்டி ஆபீசர் ஆவலாகக் கேட்டார்.

"எண்ணாம எப்டி சார்? ராஜா, ராணி, அந்த ஓவியக்காரன், எலும்பு போட்டவங்க, எல்லாரும். நாகத்தக்கூட வால புடிச்சி இழுத்துக்கினு வந்துட்டான்."

மேனேஜர் டிராயரை மூடாமலே கேட்டார். "மந்திரி?"

"அவரத்தான் சார் மொதல்ல கூட்டிக்கினு வந்தான். அவருக்கு மூட்டு வலி. வேகமா நடக்க முடியாது."

மேனேஜர் மேஜைக்கு அடியில் காலை இழுத்துக்கொண்டார். "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்றார், குரல் இறங்கிப்போய்.

"மேலருந்து பாத்துக்கினே கீறேனே சார். கொஞ்ச மாசமா நீங்க வலது கால ஊனறதே இல்ல."

மேனேஜர் கையிலிருந்த கேட் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "ஆளே இல்லாத ஊரைக் கொளுத்தினா அவன் என்னய்யா வில்லன்?" என்றார்.

"வில்லன்தான் சார். ஊரு எரிஞ்சததான் எல்லாரும் பேசுவாங்க. ஹாரன் அடிச்சத ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. அதுக்கு அப்பறம் அவன யாரும் பொன்னன்னு கூப்பிடப் போறது இல்ல."

மேனேஜர் கேட் பாஸை மேஜை மேல் வைத்து, அவர் பக்கமாகத் தள்ளினார். "டீ டைம்ல வாக்கிடாக்கியை ஆஃப் பண்ணி வை" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மனம் மாறிய மேனேஜர் பஸ் சட்டத்தையும் மாற்றினாரா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் மறுநாள் காக்களூரில் மேலோகம் ஏறியதும், தணிகாசலம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். டிரைவர் அதைப் பார்க்காமல் இருப்பதற்காக ரோட்டைக் கவனமாகப் பார்த்தார். மேலோகம் கொஞ்ச தூரம் உட்கார்ந்து வந்தார். பிறகு நெளிந்தார். "உக்காந்தா கத வரலப்பா" என்று எழுந்து கம்பிக்கே போய்விட்டார். நிற்கவைத்தே பழக்கிவிட்ட பாவத்தை யார் தலையில் கட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த இருக்கை அவருடையது. அதில் அவர் உட்காரவில்லை, வேறு யாரும் உட்காரவும் இல்லை.

எனக்குக் கோபம் தீரவில்லை. கம்பி பக்கம் போய், "ஒரு பொய் சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க? வேலை போயிருந்தா?" என்று சண்டை பிடித்தேன்.

"வேலைக்கோசரம் அவன மாத்திட்டா, அப்பறம் அவனும் என்ன நம்ப மாட்டானே தங்கச்சி" என்றார், அந்த வில்லன் பின் சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது போலக் குரலைத் தாழ்த்தி.

பேச்சை மாற்றலாம் என்று, "எல்லாரையும் மைதானத்துல நிறுத்தினீங்களே, நான் எங்க நிக்கறேன்?" என்று கேட்டேன்.

"நீ அங்க இல்ல. எல்லாரும் வந்துட்டாங்கன்னு அவங்களே சொன்னா போதுமா? யாராச்சும் ஒருத்தர் கடைசியா உள்ள போய், ஊடு ஊடா பாத்துட்டு வந்து ஓகே சொல்லணும்ல. அதுக்கு உன்னத்தான் அனுப்பிக்கீறேன். நீதான் லேசுல ஓகே சொல்ல மாட்டியே."

"நான் உள்ள இருக்கும்போதே தீ வச்சிட்டான்னா?"

"நீ வர்ற வரைக்கும் நிப்பான்" என்றார் மேலோகம்.

அந்த ஆலையை விட்டு வந்துவிட்டேன். அதன் பிறகு பார்த்த வேலைகளில் எவ்வளவோ நல்லவர்களோடு பழகியிருக்கிறேன். ஆனால் நான் பத்திரமாக வெளியே வருகிற வரைக்கும் தீப்பந்தத்தோடு கால் கடுக்க நிற்பார்கள் என்று நம்பக்கூடியவர்களை எண்ண, ஒரு கை விரலே அதிகம். அதில் ஒரு விரல் அந்த வில்லனுக்கு, இன்னொன்று அவனை வளர்த்தவருக்கு.